மொரீஷியஸ் ஒப்பந்தம்: வரி விதிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தது யார்?

வரிக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், வலிய நாடு மெலிய நாட்டின் வரி உரிமையைப் பறித்துக்கொள்கிறது என்ற இடத்திலேயே அது போய் முடிகிறது. பல நாடுகளின் வரலாற்றில் அது உண்மைதான். ஆனால் இந்தியாவும் மொரீஷியஸும் 1982 ஆகஸ்ட் 24 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஏறத்தாழ எழுபது கோடி மக்களைக் கொண்டிருந்த ஒரு நாடு, சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஒரு தீவுக்கு அஞ்சித் தன் வரி உரிமையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைத்திருந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். அப்படியானால் அந்த உரிமை யாரிடம் போயிற்று என்பதை இந்த இழையில் விவாதிக்க விரும்புகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் வசிப்பவர் இன்னொரு நாட்டில் வருமானம் ஈட்டினால், வருமானம் விளைந்த நாடும் அவர் வசிக்கும் நாடும் ஆகிய இரண்டுமே வரி கேட்கலாம். எந்த வகை வருமானத்தில் எந்த நாடு விலகி நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வதுதான் இத்தகைய ஒப்பந்தத்தின் வேலை. இதற்கு இரண்டு மாதிரி வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. செல்வந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 1963இல் வெளியிட்ட வரைவிலிருந்து வளர்ந்த வடிவம், முதலீடு புறப்படும் நாட்டுக்குச் சாதகமானது. ஐக்கிய நாடுகள் சபை 1980இல் வெளியிட்ட வடிவம், வருமானம் விளையும் நாட்டுக்குச் சற்றுக் கூடுதல் இடம் தருகிறது. எடுத்துக்காட்டாக, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கட்டுமானப் பணி பன்னிரண்டு மாதங்களைத் தாண்டினால்தான் அந்த லாபத்துக்கு வரி விதிக்கலாம் என்பது முதல் வடிவம்; ஆறு மாதங்கள் தாண்டினாலே போதும் என்பது இரண்டாவது.

மொரீஷியஸ் ஒப்பந்தத்தின் வம்பு முழுவதும் அதன் 13ஆம் கூறின் 4ஆம் பத்தியில் இருந்தது. மொரீஷியஸில் வதிபவர் இந்திய நிறுவனத்தின் பங்குகளை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு மொரீஷியஸ் மட்டுமே வரி விதிக்கலாம் என்று அது சொன்னது. மொரீஷியஸோ அந்த ஆதாயத்துக்கு வரியே விதிப்பதில்லை. ஆக, இரட்டை வரியைத் தவிர்க்க எழுதிய வாசகம் ஒற்றை வரியையும் சேர்த்தே தவிர்த்துவிட்டது.

என் வாதம் இதுதான். அந்த அதிகாரம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிக்குப் போனதாகத் தோன்றினாலும், உண்மையில் அது தில்லிக்குள்ளேயே நாடாளுமன்றத்தின் கையிலிருந்து நிதி அமைச்சகத்தின் கைக்கு மாறியது. அந்நிய முதலீட்டாளருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்திருந்தால் எந்த ஆட்சியும் மக்களவையில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும். ஒப்பந்தத்தின் வழியாக அதே சலுகையைத் தந்தபோது அந்தத் தொல்லை இருக்கவில்லை.

பழைய ஆடிட்டர்

நண்பர் வரிக்கோடு வரலாற்றைப் பின்னாலிருந்து படிக்கிறார். 1982இல் அந்நிய நிறுவன முதலீட்டாளர் என்ற இனமே இந்தியாவில் இல்லை. அவர்களுக்குப் பங்குச் சந்தையின் கதவு திறந்தது 1992 செப்டம்பரில். வெளிநாடுகளில் தொழில் செய்யும் நிறுவனங்களைத் தன் மண்ணில் பதிவுசெய்ய இடம்தரும் கடல்கடந்த வணிகச் சட்டத்தை மொரீஷியஸ் இயற்றியதும் அதே 1992இல்தான். அதுவரை பத்து ஆண்டுகள் அந்தப் பத்தி யாருக்கும் பயன்படாமல் உறங்கிக் கிடந்தது. பங்கு விற்பனை ஆதாயத்தை வதியும் நாட்டுக்கே விடுவது அந்நாளைய ஓஇசிடி மாதிரியில் வழக்கமான ஏற்பாடுதான். அதை எழுதிய அதிகாரிகளின் மனத்தில் எந்தச் சூழ்ச்சியும் இருந்திருக்காது.

ஒரு சுவையான செய்தியையும் சொல்லிவைக்கிறேன். அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது இந்தியாவின் நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜி. முப்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், வோடஃபோன் தொலைபேசி நிறுவனத்திடம் வரி வசூலிப்பதற்காக முன்தேதியிட்ட வரித் திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

இன்னொன்று. 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளைப் பரிவர்த்தனை வரி செலுத்தி விற்றால் நீண்டகால ஆதாயத்துக்கு இந்தியாவில் யாருக்குமே வரி கிடையாது. அந்தச் சலுகையை நாடாளுமன்றமே சட்டமாக இயற்றித் தந்தது. ஆகவே அக்காலத்தில் மொரீஷியஸ் வழியால் கிடைத்த கூடுதல் நன்மை குறுகியகால ஆதாயத்திலும், பட்டியலிடப்படாத பங்குகளிலும்தான். மக்களின் பிரதிநிதிகள் மறுத்திருப்பார்கள் என்று நீங்கள் கருதும் ஒன்றைப் பெருமளவுக்கு அவர்களே வாரி வழங்கினார்கள்.

வரிக்கோடு

ஆடிட்டர் ஐயாவின் 2004ஆம் ஆண்டுக் குறிப்பு முக்கியமானது; இந்த விவாதத்தில் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அது என் வாதத்தின் பக்கமே நிற்கிறது என்று நினைக்கிறேன். 2004இல் தந்த விலக்கு வெளிப்படையாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததால், 2018 பட்ஜெட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்குப் பத்து சதவீதம் என்று வெளிப்படையாகவே அதைத் திரும்பப் பெற முடிந்தது. நாடாளுமன்றம் கொடுத்ததை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் கொடுத்ததை எடுக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1982இல் சதி இருந்தது என்று நான் எழுதவில்லை. நான் கேட்பது, பத்தி விழித்துக்கொண்ட பிறகு என்ன நடந்தது என்பதே. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மார்ச் 30 அன்று 682ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டு, மொரீஷியஸில் வதிபவரின் ஆதாயத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்று உறுதிசெய்தது. 2000ஆம் ஆண்டில் மும்பை வருமான வரி அதிகாரிகள், இந்த நிதி நிறுவனங்கள் மொரீஷியஸில் ஒரு முகவரியைத் தவிர வேறெதையும் வைத்திருக்கவில்லை, அவற்றின் நிர்வாகம் உண்மையில் வேறு நாடுகளில் நடக்கிறது என்று கூறி வரி கேட்டார்கள். சந்தை சரிந்தது. யஷ்வந்த் சின்ஹா நிதி அமைச்சராக இருந்த அந்நாளில், ஏப்ரல் 13 அன்று, 789ஆம் எண் சுற்றறிக்கை வந்தது: மொரீஷியஸ் அரசு வழங்கும் வதிவிடச் சான்றிதழ் ஒன்றே போதும், அதற்கு மேல் தோண்ட வேண்டாம். வரி விதிக்கச் சட்டத்தால் கடமைப்பட்ட அதிகாரியின் கையை, சட்டம் இயற்றும் அவையைக் கேட்காமலேயே ஒரு தாள் கட்டிப்போட்டது. இதை நான் அப்பாவித்தனம் என்று ஏற்க மாட்டேன்.

சட்டமேசை

இந்த இடத்தில் வழக்கின் போக்கைச் சொல்ல வேண்டும். 789ஆம் எண் சுற்றறிக்கையை எதிர்த்துப் பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன. தில்லி உயர் நீதிமன்றம் 2002 மே 31 அன்று, வாரியம் தன் அதிகார வரம்பை மீறிவிட்டது என்று கூறி அதை ரத்துசெய்தது. உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபர் 7 அன்று, ஆசாதி பசாவோ ஆந்தோலன் வழக்கில், உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றிச் சுற்றறிக்கையை மீட்டெடுத்தது. மூன்றாம் நாட்டவர் தமக்கு வசதியான ஒப்பந்தத்தைத் தேடிப்பிடித்து அதன் வழியே வருவது சட்டவிரோதம் அல்ல என்றும், பற்றாக்குறை நிதியாக்கத்தை (அரசு வரவை மீறிச் செலவிடுவதை) போலவே இதுவும் வளரும் பொருளாதாரம் நீண்டகால நன்மைக்காகப் பொறுத்துக்கொள்ளும் ஒரு தீமை என்றும் நீதிமன்றம் கருதியது.

தீர்ப்பின் பொருளியல் கருத்தைவிட அதன் அரசமைப்புக் கருத்து ஆழமானது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 265ஆம் கூறு. ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253ஆம் கூறு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஆனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்து அதை அரசிதழில் அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமே முன்கூட்டி ஒப்படைத்துவிட்டது. சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் முரண்பாடு வந்தால், வரி செலுத்துபவருக்கு எது சாதகமோ அதுவே செல்லும் என்றும் அந்தப் பிரிவு சொன்னது. ஒருமுறை கொடுத்த இந்த ஒப்புதலின் பலத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளோடு ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. அவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு வர வேண்டிய அவசியம் இல்லை.

மற்ற நாடுகள் எல்லாம் இப்படி இல்லை. அமெரிக்காவில் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சிலியோடு 2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் அங்கே 2023 ஜூன் வரை காத்துக் கிடந்தது. கென்யாவில் 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம், அந்நாட்டு அரசு மொரீஷியஸோடு செய்த வரி ஒப்பந்தத்தை, நாடாளுமன்றத்தின் முன் முறைப்படி வைக்கவில்லை என்ற காரணத்துக்காகவே செல்லாதாக்கியது. அதே மொரீஷியஸ், அதே வகை ஒப்பந்தம், நேரெதிரான விளைவு.

குறுக்குக்கேள்வி

ஒரு சிறிய ஐயம். வருமான வரி, மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பில் சேர்கிறது. அதில் இப்போது 41 சதவீதம் மாநிலங்களுக்குரியது. அப்படியானால் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பத்தொரு ரூபாய் சென்னை, பாட்னா, போபால் ஆகியவற்றின் கருவூலங்களுக்கு வர வேண்டியதல்லவா? அவர்களை யாராவது கேட்டார்களா?

சட்டமேசை

கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அயல்நாட்டு ஒப்பந்தங்கள் மத்தியப் பட்டியலின் 14ஆம் பதிவில் உள்ளன. மாநிலங்களுக்கு இதில் கருத்துச் சொல்லும் இடமே வகுக்கப்படவில்லை.

தெற்குத்தீவு

நான் பல ஆண்டுகளாக மொரீஷியஸில் கணக்கியல் துறையில் பணியாற்றுகிறேன். இழையில் எல்லோரும் தில்லியிலிருந்தே பார்க்கிறீர்கள். போர்ட் லூயியிலிருந்தும் ஒருமுறை பார்க்கலாம்.

கரும்பையும் ஆயத்த ஆடையையும் நம்பியிருந்த தீவு, ஐரோப்பியச் சந்தையில் தனக்கிருந்த சலுகைகள் என்றைக்காவது கரைந்துவிடும் என்று தெரிந்து, மூன்றாவதாக ஒரு தொழிலைத் தேடியது. அதற்குக் கிடைத்ததுதான் நிதிச் சேவை. உலகளாவிய வணிக உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு இங்கே வரி விகிதம் 15 சதவீதம் என்றாலும், அந்த வரியில் 80 சதவீதத்தை வெளிநாட்டிலேயே கட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளும் விதியால் அது நடைமுறையில் 3 சதவீதமாக இறங்கிவிடும். பன்னாட்டு நெருக்கடியின் பேரில் 2018இல் அந்த விதி ஒழிக்கப்பட்டது. ஆனால் அதுவரை, பட்டதாரிப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைத்தது என்றால் அதற்கு இந்தத் தொழில் ஒரு பெரிய காரணம். ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்தும் எண்ணும் அச்சாகும் நாடு இது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இந்தத் துறையால் தலையெடுத்தவர்கள் உண்டு.

அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். சிறிய நாட்டுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, அது அமைந்திருக்கும் இடம். இந்தியப் பெருங்கடலின் இந்தப் பகுதியில் டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் இருக்கிறது, ரீயூனியனில் பிரான்ஸ் இருக்கிறது. இந்தியா இங்கே நட்பை இழக்க விரும்பியதே இல்லை. ஒப்பந்தத்தைத் திருத்துவது பற்றிப் பேசக் கூட்டுப் பணிக்குழு 2006இல் அமைக்கப்பட்டும், திருத்த நெறிமுறை 2016 மே 10 அன்றுதான் கையெழுத்தானது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 மார்ச்சில், பிரதமர் மோடியின் வருகையின்போது மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவுகளில் விமான ஓடுதளமும் இறங்குதுறையும் அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. அவை 2024 பிப்ரவரி 29 அன்று திறந்துவைக்கப்பட்டன. வரி ஒப்பந்தத்தின் அடுத்த திருத்தம் அதே 2024இல் மார்ச் 7 அன்று கையெழுத்தானது. இரண்டும் ஒரே பேரத்தின் இரு தட்டுகள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று என் கையில் இல்லை. ஆனால் இரண்டு கோப்புகளும் ஒரே அமைச்சரவையின் மேசையில்தான் இருந்தன. வரித் துறை ஒன்றைக் கேட்கும்போது வெளியுறவுத் துறை இன்னொன்றை எண்ணிக்கொண்டிருக்கும்.

பழைய ஆடிட்டர்

தெற்குத்தீவின் பதிவு இந்த இழைக்கு மிகவும் தேவையாக இருந்தது. அதோடு சேர்த்து, இந்தியா மட்டுமே இழந்தது என்ற எண்ணத்தையும் சற்றுத் தணிக்க விரும்புகிறேன். 2000க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மொரீஷியஸ் வழியாக வந்தது. அதில் எவ்வளவு நம்மூர்ப் பணமே வெளியே போய் வேடமிட்டுத் திரும்பியது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் தொலைபேசிக் கோபுரங்களையும் மின் நிலையங்களையும் கட்டிய பணம் அதிலேயே இருந்தது.

அரசு இழந்த அதிகாரத்தை முரட்டுத்தனமாக மீட்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு வோடஃபோன் வழக்கே பாடம். 2007இல் ஹட்சிசன் நிறுவனம் தன் இந்தியத் தொலைபேசித் தொழிலை வோடஃபோனுக்கு ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு விற்றபோது, கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு மட்டுமே. வருமான வரித் துறை வோடஃபோனிடம் 11,000 கோடி ரூபாய்க்கும் மேல் வரி கேட்டது. உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 20 அன்று, சட்டத்தில் இதற்கு இடமில்லை என்றது. சில மாதங்களிலேயே நாடாளுமன்றம், 1962 முதலே இடம் இருந்தது என்று பொருள்படும்படி சட்டத்தைத் திருத்தியது. வரிக்கோடு அவர்களே, நீங்கள் விரும்பியபடி நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்திய தருணம் அது. விளைவு என்ன? 2020 செப்டம்பரில் வோடஃபோன் வழக்கிலும், அதே திருத்தத்தின் பேரில் வரி கேட்கப்பட்ட கெய்ர்ன் எண்ணெய் நிறுவனத்தின் வழக்கில் டிசம்பரிலும் பன்னாட்டு நடுவர் மன்றங்கள் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. கெய்ர்ன் நிறுவனம் பாரிஸில் இந்திய அரசின் சொத்துகளை முடக்கும் ஆணை வரை பெற்றது. 2021 ஆகஸ்டில் அதே நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தின் பல்லைப் பிடுங்கியது.

சட்டமேசை

ஒரு தெளிவு: நடுவர் மன்றங்கள் தீர்ப்பளித்தது இரட்டை வரி ஒப்பந்தங்களின் கீழ் அல்ல. நெதர்லாந்தோடும் பிரிட்டனோடும் இருந்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களின் கீழ். வரி ஒப்பந்தம், வரி விதிக்கும் உரிமையைப் பிரித்துக்கொடுக்கிறது. முதலீட்டு ஒப்பந்தம், அரசை ஒரு தனியார் நிறுவனம் நேரடியாக வழக்குக்கு இழுக்க அனுமதிக்கிறது. இந்திய அரசு பின்னதைக் கண்டுதான் உண்மையில் அஞ்சியது. அந்த வகை ஒப்பந்தங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றை முடித்துக்கொள்வதாக அது அறிவிப்பு அனுப்பியது அதனால்தான்.

வரிக்கோடு

2012ஆம் ஆண்டுத் திருத்தத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அது ஏன் அந்த அவல வடிவத்தில் வந்தது? இருபது ஆண்டுகளாகச் சுற்றறிக்கைகளால் நடத்தப்பட்ட ஒரு துறையில், சட்டம் செய்ய வேண்டிய வேலை தேங்கிக் கிடந்தது. உரிய காலத்தில் அவையில் விவாதித்து எதிர்காலத்துக்குச் சட்டம் இயற்றியிருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பாயும் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

2016 திருத்தத்தையே பாருங்கள். அருண் ஜேட்லியின் காலத்தில் வந்த அது மிகவும் பக்குவமாக எழுதப்பட்டது. 2017 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய பங்குகளைத் தொடவில்லை. அதன் பிறகு வாங்கியவற்றுக்கு இந்தியா வரி விதிக்கலாம் என்றது; முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பாதி விகிதம்தான், அதுவும் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் மொரீஷியஸில் பதினைந்து லட்சம் மொரீஷியஸ் ரூபாயாவது செலவிட்டிருக்கும் நிறுவனத்துக்கே. வரியைத் தவிர்க்கவே செய்த ஏற்பாடுகளைப் புறக்கணிக்க இடம்தரும் பொது வரித்தவிர்ப்பு எதிர்ப்பு விதிகளும் அதே 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. உள்நாட்டுச் சட்டத்தில் அந்த ஆயுதம் தயாராக இருந்ததால்தான் போர்ட் லூயி மேசைக்கு வந்தது என்பது என் கணிப்பு, தெற்குத்தீவு மறுக்கலாம். பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்த வசதிகூட இல்லை. செனகல் தன் மொரீஷியஸ் ஒப்பந்தத்தைப் பேசித் திருத்துவதற்குப் பதிலாக முறித்துக்கொண்டு, 2020 முதல் வெளியேறியது.

தெற்குத்தீவு

மறுக்கவில்லை. அந்த வரித்தவிர்ப்பு எதிர்ப்பு விதிகளை இந்தியா சட்டத்தில் எழுதிவைத்து நடைமுறைப்படுத்துவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததும் எங்களுக்கு ஒரு செய்தியாகத்தான் இருந்தது. இங்குள்ள வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் உங்கள் பட்ஜெட் உரையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

குறுக்குக்கேள்வி

அப்படியானால் 2017க்குப் பிறகு பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

சட்டமேசை

தீரவில்லை, பழைய பங்குகள் இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஃபிளிப்கார்ட்டை 2018இல் வால்மார்ட் வாங்கியபோது டைகர் குளோபல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் மொரீஷியஸ் நிறுவனங்கள் பெற்ற ஆதாயம் பற்றிய வழக்கு அத்தகையதே. 2020இல், வரி உண்டா இல்லையா என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கும் முன்தீர்வு ஆணையம் அவற்றுக்கு எதிராகவும், 2024 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் ஆதரவாகவும் முடிவுசெய்ய, வரித் துறை உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அதிகாரம் அமைச்சகத்தின் பக்கம் சாய்கிறது என்ற கருத்துக்கு இன்னும் வலுவான சான்று நெஸ்லே வழக்கு. சில ஒப்பந்தங்களில், பின்னாளில் வேறொரு ஓஇசிடி நாட்டுக்குக் குறைந்த விகிதம் கொடுத்தால் அது உங்களுக்கும் பொருந்தும் என்று இந்தியா எழுதிக் கொடுத்திருந்தது. ஈவுத்தொகைக்கு ஐந்து சதவீத வரியே விதிப்பதாக இந்தியா ஒப்பியிருந்த லிதுவேனியா, கொலம்பியா ஆகியவை பிறகு ஓஇசிடியில் சேர்ந்ததும், எங்களுக்கும் பத்து சதவீதத்துக்குப் பதில் ஐந்து சதவீத வரியே என்று சுவிஸ் முதலான நாடுகளின் நிறுவனங்கள் கேட்டன. 2023 அக்டோபர் 19 அன்று உச்ச நீதிமன்றம், அரசு 90ஆம் பிரிவின் கீழ் தனியாக அறிவிக்கை வெளியிட்டால் ஒழிய அந்தச் சலுகை தானாக வராது என்றது. கருவூலத்துக்கு லாபம்தான். ஆனால் தான் கையெழுத்திட்ட வாக்கு எப்போது உயிர்பெறும் என்பதையும் அரசே தீர்மானிக்கலாம் என்று ஆகிவிட்டது. சுவிட்சர்லாந்து 2025 ஜனவரி 1 முதல் தன் பக்கத்தில் அந்த வாசகத்தை நிறுத்திவைத்துவிட்டது. அங்கிருந்து ஈவுத்தொகை பெறும் இந்திய நிறுவனங்களுக்கு இனி பத்து சதவீதம்.

வரிக்கோடு

2024 திருத்தத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சலுகை பெறுவதே ஓர் ஏற்பாட்டின் முதன்மை நோக்கங்களில் ஒன்று என்று கருத இடமிருந்தால் சலுகையை மறுக்கலாம் என்ற சோதனையை அது சேர்க்கிறது. நோக்கத்தை எடைபோடப் போகிறவர் வருமான வரி அதிகாரி. அது பழைய முதலீடுகளுக்கும் பாயுமோ என்று சந்தை அஞ்சியது. பதில் எங்கிருந்து வந்தது? 2025 ஜனவரி 21 அன்று வாரியம் வெளியிட்ட அவ்வாண்டின் முதலாவது சுற்றறிக்கையிலிருந்து. மொரீஷியஸ், சிங்கப்பூர், சைப்ரஸ் ஒப்பந்தங்களில் பழைய முதலீடுகளுக்குத் தந்த பாதுகாப்பு இந்தச் சோதனைக்கு வெளியே நிற்கும் என்று அது அறிவித்தது. முடிவு நியாயமானது என்றே நினைக்கிறேன்; வாக்குக் கொடுத்த பிறகு மாற்றக் கூடாது. ஆனால் 1994, 2000, 2025 ஆகிய மூன்று தருணங்களிலும், எத்தனையோ கோடி ரூபாய் வரி உண்டா இல்லையா என்பதை வாரியத்தின் கடிதத்தாளே முடிவுசெய்தது. ஒவ்வொரு வரி ஒப்பந்தத்தையும் அறிவிக்கையாக்குவதற்கு முன் நாடாளுமன்றத்தின் நிதித் துறை நிலைக்குழுவின் முன் வைத்து, எவ்வளவு வருவாய் விட்டுக்கொடுக்கப்படுகிறது என்ற மதிப்பீட்டையும் இணைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தைத் தரும் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தால் போதும். புதிய 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை எழுதியபோது அதற்கு வாய்ப்பு இருந்தது. பழைய ஏற்பாட்டையே அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பழைய ஆடிட்டர்

நிலைக்குழுவின் முன் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. மதிப்பீட்டை வெளியிடுவதில்தான் சிக்கல். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே நம் பக்கக் கணக்கு எதிர்த்தரப்பின் கைக்குப் போய்விடும். கையெழுத்தான பிறகு, அறிவிக்கைக்கு முன் என்று வைத்தால் ஏற்கலாம்.